மழைக்கு முன் எடுக்காத புகைப்படம்

2024 ஜூன் 3ஆம் தேதி தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு அருகே உள்ள டோங்காட் பகுதியைச் சுழற்காற்று புரட்டிப் போட்ட சில நாட்களில், வேறொரு நகராட்சியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்த இளைஞர் ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, மானியத்துக்கு எழுதச் சொல்றாங்க. எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல" என்றார். அவரோடு இரண்டு மணி நேரம் பேசினேன். பேசி முடித்த பிறகுதான், 2022 வெள்ளச் சேதங்களுக்கு நான் மானியம் கேட்டு எழுதியபோது என்னிடம் இரண்டு நிமிடம்கூட யாரும் இப்படிப் பேசவில்லை என்பது உறைத்தது. அன்று அவரிடம் சொன்னவற்றையும், வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

டர்பனுக்கு வெளியே, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவில் உள்ள ஒரு சிறிய நகராட்சியின் திட்டப் பிரிவில் வேலை செய்கிறேன். அதன் பெயர் இங்கே தேவையில்லை. பொறியியல் பட்டம் எனக்குக் கிடையாது. கணக்கு எழுதுபவளாக உள்ளே நுழைந்து, பதினெட்டு ஆண்டுகளில் மானியக் கோப்புகளைக் கவனிக்கும் இடத்துக்கு வந்தவள். 2022 ஏப்ரலில் எங்கள் பிரிவின் மேலாளர் பதவி காலியாக இருந்தது. பேரிடர் அலுவலர் என்று ஒருவர் மாவட்ட அலுவலகத்தில் இருந்தார், ஆனால் நான்கு நகராட்சிகளுக்கு அவர் ஒருவரே. கோவிட் காலத்துப் பேரிடர் நிலை அப்போதுதான், ஏப்ரல் முதல் வாரத்தில் முடிவுக்கு வந்திருந்தது. இனி கொஞ்ச நாள் மூச்சு விடலாம் என்று நினைத்திருந்தோம்.

ஏப்ரல் 11 திங்கட்கிழமை இரவு மழை வலுத்தது. எங்கள் குவாசுலு-நாட்டால் மாகாணத்தின் கடற்கரைப் பகுதியில் சில இடங்களில் 24 மணி நேரத்தில் 300 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தது. மாகாணம் முழுவதும் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வீடுகள், பாலங்கள், தண்ணீர்க் குழாய்கள், டோங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் என்று எல்லாம் போயின. செவ்வாய்க்கிழமை காலையில் அலுவலகத்துக்குப் போக வழியில்லை. 14ஆம் தேதி தமிழ்ப் புத்தாண்டு, 15ஆம் தேதி பெரிய வெள்ளி. மாரியம்மன் கோவிலுக்குப் போக எடுத்து வைத்திருந்த புடவையை மடித்து உள்ளே வைத்துவிட்டு, முழங்கால் வரை ரப்பர் காலணி போட்டுக்கொண்டு, என் அண்ணனுடைய பக்கியில் கிளம்பினேன். தமிழ்நாட்டு வாசகர்கள் சிரிக்க வேண்டாம், பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டியை நாங்கள் இங்கே அப்படித்தான் சொல்வோம்.

என் முதல் தவறு அந்தப் பக்கியிலேயே தொடங்கியது. கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டே போனேன். உடைந்த சாலை, உடைந்த கல்வெர்ட் (சாலைக்கு அடியில் ஓடை நீர் போகும் சிறுபாலம்), சரிந்த மண், ஓடையில் கவிழ்ந்து கிடந்த கார் என்று மூன்று நாளில் அறுநூறுக்கும் மேற்பட்ட படங்கள் சேர்ந்தன. பிறகு கணினியில் போட்டுப் பார்த்தபோது பாதிப் படங்களில் இருந்தது சேறு, சேறு, வெறும் சேறு. எந்தத் தெரு, ஓடையின் எந்தக் கரை, எந்தத் திசையில் நின்று எடுத்தேன் என்று எனக்கே தெரியவில்லை. அதனால் ஒரு சேதத்துக்கு மூன்று படமாவது எடுங்கள். தூரத்தில் நின்று, தெருப் பெயர்ப் பலகையோ கோவில் கோபுரமோ பள்ளிக்கூடக் கூரையோ தெரியும்படி முதல் படம். பக்கத்தில் போய் இரண்டாவது. அளவு நாடாவை விரித்துப் பிடித்து மூன்றாவது. நாடா இல்லாவிட்டால் ஓர் ஆளை நிறுத்துங்கள். தேதியையும் சேத எண்ணையும் ஒரு காகிதத்தில் எழுதி அதையும் படத்துக்குள் வரும்படி பிடியுங்கள். பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். பதினோரு மாதம் கழித்து ஒருவர் எதிரில் உட்கார்ந்து, "இது எந்த ஓடை?" என்று கேட்கும்போது தோன்றாது.

அடுத்தது ஜிபிஎஸ். படிவத்தில் ஒவ்வொரு சேதத்துக்கும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கேட்டிருந்தார்கள். நாம் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் அட்சரேகைக்கு முன்னால் கழித்தல் குறி வர வேண்டும். இரவு பதினொன்றரை மணிக்குத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன், பதினேழு இடங்களுக்கு அந்தக் குறியைப் போடாமல் விட்டுவிட்டேன். எங்கள் ஊரின் எண்களைக் கழித்தல் குறி இல்லாமல் வரைபடத்தில் போட்டால் எகிப்துக்குப் போய்விடும், கீசா பிரமிடுகளுக்குக் கொஞ்சம் தெற்கே. "உங்கள் நகராட்சியின் பதினேழு கல்வெர்ட்டுகள் நைல் நதிக்கரையில் உள்ளன" என்று மாகாண அலுவலகத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். இன்று இதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறேன். அன்று கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். திருத்தி அனுப்ப ஒன்பது நாட்கள் ஆயின, அதற்குள் பக்கத்து நகராட்சிகளின் கோப்புகள் எங்களைத் தாண்டிப் போய்விட்டன.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும், ஏனென்றால் எங்கள் கவுன்சிலர்களுக்கே இது விளங்கவில்லை. 2002ஆம் ஆண்டின் 57ஆம் எண் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி, நடந்தது உள்ளூர்ப் பேரிடரா, மாகாணப் பேரிடரா, தேசியப் பேரிடரா என்று வகைப்படுத்துவது தேசியப் பேரிடர் மேலாண்மை மையத்தின் வேலை. பேரிடர் நிலையை அறிவிப்பது ஆட்சியில் இருப்பவர்களின் வேலை, உள்ளூர்ப் பேரிடர் என்றால் அது நகராட்சி மன்றத்தின் வேலை. இவை இரண்டும் வேறு வேறு, இரண்டில் எதுவும் பணமும் அல்ல. ஏப்ரல் 18 இரவு குடியரசுத் தலைவர் தொலைக்காட்சியில் தேசியப் பேரிடர் நிலையை அறிவித்து, உடனடி உதவிக்கு 100 கோடி ரேண்ட் இருக்கிறது என்று சொன்னபோது, எங்கள் வார்டு மக்கள் மறுநாள் காலையே என்னைத் தேடி வந்துவிட்டார்கள். "பணம் வந்திருச்சாம்ல?" என்று கேட்டவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அந்த வாரம் கழிந்தது. வகைப்படுத்தும் கடிதத்தின் நகல் விண்ணப்பத்தோடு இணைக்க வேண்டிய ஒரு காகிதம், அவ்வளவுதான். அதன் பிறகுதான் நம் வேலையே தொடங்குகிறது. பணம் இரண்டு வழியில் வரும். தற்காலிகப் பாலம், தண்ணீர் லாரி, அடைப்பு அகற்றுதல் போன்ற உடனடி வேலைகளுக்கு உடனடி உதவி மானியம். உடைந்ததை நிரந்தரமாகக் கட்டுவதற்கு மீட்பு மானியம். எதை எதில் கேட்பது என்று முதல் நாளே பிரித்துக்கொள்ள வேண்டும். நான் எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் போட்டு அனுப்பினேன். அதையும் திருப்பி அனுப்பினார்கள்.

எங்கள் முதல் பட்டியலில் 41 சேதங்கள், உத்தேச மதிப்பு 3 கோடியே 80 லட்சம் ரேண்ட். கடைசியில் ஏற்றுக்கொள்ளப்பட்டவை 23, தொகை 1 கோடியே 40 லட்சம். நடுவில் போன பதினெட்டும் எப்படிப் போயின என்பதைத்தான் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஐந்து எங்களுடையவையே அல்ல. இரண்டு மாகாணச் சாலைகள், ஒரு பள்ளிக்கூட மதில், மாவட்டத்துக்குச் சொந்தமான ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு தனியார் நிலத்து வாய்க்கால். உடைந்த பொதுச் சொத்தைப் பராமரிக்கும் பொறுப்பு யாருடையதோ, பழுது பார்க்கும் செலவும் அவர்களுடையது என்று சட்டத்தின் 56ஆம் பிரிவு சொல்கிறது. மக்கள் தெருவில் நின்று என்னைக் கேட்டார்கள், நானும் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன். நல்ல மனசு என்று நீங்கள் சொல்லலாம். மதிப்பீட்டாளர்கள் பார்வையில் அது கவனக்குறைவு, அந்த ஐந்தைப் பார்த்த பிறகு மீதி முப்பத்தாறையும் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். மழை நின்ற வாரத்திலேயே மாகாணச் சாலைத் துறைக்கும் மாவட்டத்துக்கும் தனித்தனிக் கடிதம் எழுதி அவர்கள் பட்டியலில் சேர்க்கச் சொல்லியிருந்தால், அந்த மக்களுக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

ஏழு, சொத்துப் பதிவேட்டில் இல்லாதவை. எழுபதுகளில் யாரோ போட்ட குழாய்ப் பாலங்கள், வளர்ச்சித் திட்டக் காலத்தில் ஒப்பந்தக்காரர் கட்டிவிட்டு ஒப்படைப்புக் கடிதம் தராமல் போன நடைபாதைகள். கண் முன்னால் உடைந்து கிடக்கிறது, பிள்ளைகள் அதற்கு மேல் பலகை போட்டுப் பள்ளிக்கூடம் போகிறார்கள், ஆனால் காகிதத்தில் அப்படி ஒன்று பிறக்கவே இல்லை. பிறக்காததற்கு இறப்புச் சான்றிதழ் கேட்க முடியுமா? பதிவேட்டைப் புதுப்பிக்கச் சொல்லி இரண்டு முறை குறிப்பு எழுதியதாக என் நினைவு. ஆனால் வாயால் சொன்னதையும் எழுதிக் கொடுத்ததையும் நினைவு ஒன்றாகக் கலந்துவிடும். தேடிப் பார்த்தேன், ஒரே ஒரு குறிப்புதான் கிடைத்தது.

ஆறு, பராமரிப்புக்குச் சான்று இல்லாதவை. எனக்கு மிகவும் கசந்தது இதுதான். தேசிய அரசிடம் உதவி கேட்டால், முன்கூட்டியே தடுப்பு நடவடிக்கை எடுத்தார்களா, எடுக்கவில்லை என்றால் ஏன், எடுத்திருந்தால் இந்தச் சேதத்தைத் தவிர்த்திருக்கலாமா, போதிய காப்பீடு இருந்ததா என்பதையெல்லாம் கணக்கில் எடுக்கலாம் என்று 57ஆம் பிரிவு சொல்கிறது. சரிபார்க்க வந்த பொறியாளர் ஓடைக்குள் இறங்கி, குழாயின் வாய்க்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். மேலே புது மணல். அதற்குக் கீழே கறுத்து இறுகிய பழைய வண்டல், அதில் ஒரு சிப்ஸ் உறை, சாயம் போன ஒரு பிளாஸ்டிக் மூடி. "இது ஏப்ரல் 11இல் வந்தது அல்ல" என்றார். சத்தம் போடவில்லை, குற்றம் சாட்டும் குரலும் இல்லை. அதனால் இன்னும் சுட்டது. அந்தக் குழாயை எங்கள் ஆட்கள் 2021இல் இரண்டு முறை சுத்தம் செய்தது எனக்குத் தெரியும். வேலை ஒதுக்கும் சீட்டு மேற்பார்வையாளரின் வண்டியில் இருந்தது, அந்த வண்டி வெள்ளத்தோடு போய்விட்டது. நகல் இல்லை. இன்று எங்கள் ஆட்கள் வடிகாலைச் சுத்தம் செய்தால் முன்னே ஒரு படம், பின்னே ஒரு படம் எடுத்து அன்றே அலுவலக மின்னஞ்சலுக்கு அனுப்புகிறார்கள். இதற்குத் தனிச் செலவு எதுவும் இல்லை. 2021இல் இதைச் செய்திருந்தால் அந்த ஆறும் உள்ளே வந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

இந்த இடத்தில்தான் அந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓடைக்கு மேலே சரிவில் ஒரு வரிசை வீடுகள், அவற்றுக்குப் பின்னால் ஒரு தடுப்புச் சுவர். சுவர் முப்பது மீட்டர் நீளத்துக்குச் சரிந்து, மூன்று வீடுகளின் பின்கட்டு அந்தரத்தில் நின்றது. கடைசி வீட்டில் எண்பது வயதுத் தாத்தா ஒருவர், சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துளசி மாடம் சாய்ந்து கிடந்தது, அதைச் சுற்றி அவர் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். "பிள்ளே, 1987லயும் இதே சுவருதான் விழுந்துச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் ஓர் ஆல்பத்தை எடுத்து வந்தார். 1987 செப்டம்பர் வெள்ளம் நாட்டால் முழுவதும் பேர் போனது. மஞ்சளேறிய படத்தில் அதே சரிவு, அதே இடத்தில் இடிந்த சுவர், முன்னால் சட்டையில்லாமல் இளவயதுத் தாத்தா.

நம் ஆட்களுக்கு வெள்ளக் கதைகளுக்குக் குறைவே இல்லை. 1917 அக்டோபரில் உம்கெனி ஆறு பெருகியபோது 'படவட்டான் அறுவர்' என்று பெயர் பெற்ற மீனவர்கள் படகில் போய் 170க்கும் மேற்பட்டவர்களைக் காப்பாற்றிய கதையை என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் தண்ணீர் எந்தப் படி வரை ஏறியது, எந்தச் சுவர் எந்தத் தேதியில் விழுந்தது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. தாத்தா வைத்திருந்தார்.

அந்தப் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு இரவு தூங்கவில்லை. அதை இணைத்தால், இந்தச் சரிவு ஆபத்தானது என்று முப்பத்தைந்து ஆண்டுகளாகத் தெரிந்திருந்தும் நகராட்சி எதுவும் செய்யவில்லை என்று நாங்களே ஒப்புக்கொள்வது போலாகும். இணைக்காவிட்டால் ஒரு சான்றை மறைப்பதாகும். எங்கள் நிதி அலுவலர் வேண்டாம் என்றார். நான் வேறு வழியில் போனேன். நகராட்சியின் ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டத்துக்காக ஆண்டுதோறும் நடக்கும் வார்டுக் கூட்டங்களின் குறிப்புகளைப் பழைய பெட்டிகளிலிருந்து எடுத்தேன். 2014, 2017, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளில் அந்தச் சுவரை மக்கள் எழுப்பியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் மதிப்பீடு போடப்பட்டு, பணம் இல்லை என்று தள்ளப்பட்டிருந்தது. தள்ளிய தீர்மானமும் இருந்தது. தடுப்பு வேலை ஏன் நடக்கவில்லை என்ற கேள்விக்கு எங்களிடம் எழுத்தில் இருந்த பதில் அது ஒன்றுதான். தாத்தாவின் படத்தையும் மூன்று குறிப்புகளையும் சேர்த்தே அனுப்பினேன். சரிபார்ப்பில் முதலில் தேறியது அந்தச் சுவர்தான். முன்பு கேட்டும் கிடைக்காத கோரிக்கையை அவமானமாக நினைத்து மறைக்காதீர்கள், மறுத்த கடிதத்தையும் கோப்பில் வையுங்கள்.

இதற்கு நடுவில் மே 21, 22 தேதிகளில் மறுபடியும் மழை. ஏப்ரலில் பாதி சரிந்திருந்தவை மே மழையில் முழுவதுமாகச் சரிந்தன. சரிபார்ப்புக் குழு வந்தது அதற்குப் பிறகு. ஓரிடத்தில் எங்கள் அறிக்கையில் எட்டு மீட்டர், அவர்கள் அளந்தபோது பதினான்கு மீட்டர். எது ஏப்ரல், எது மே என்று கேட்டார்கள். மே மழைக்கு மறுநாளே இன்னொரு சுற்று போய், அதே இடத்தில் நின்று, அதே கோணத்தில் படம் எடுத்துத் துணை அறிக்கை அனுப்பியிருக்க வேண்டும். நான் அனுப்பவில்லை. உண்மையைச் சொன்னால் அந்த வாரம் எனக்குக் காய்ச்சல், படுத்துக்கொண்டேன். நான்கு இடங்களில் சிறிய அளவையே ஏற்றுக்கொண்டார்கள். மீதியைக் கட்ட எங்கள் சொந்தப் பணத்தைத் தேட வேண்டியதாயிற்று.

பெரிதாகக் கட்டலாமா என்ற சண்டையும் இருந்தது. பழைய 600 மில்லிமீட்டர் குழாய்தான் அடைத்துக்கொண்டு சாலையை உடைத்தது. அதே அளவுக் குழாயை மறுபடி வைத்தால் அடுத்த மழையில் மறுபடி உடையும் என்று ஓடைக்கரையில் ஆடு மேய்க்கும் பையனுக்கும் தெரியும். ஆனால் "பெரிய பெட்டிக் கல்வெர்ட் வேண்டும்" என்று ஒற்றை வரியில் எழுதினால் மானியத்தைச் சாக்காக வைத்து ஊரை அழகுபடுத்துகிறோம் என்று படுகிறது. ஓடைக்கு எவ்வளவு பரப்பிலிருந்து நீர் வருகிறது, மேல்பக்கம் எத்தனை வீடுகள் புதிதாக வந்திருக்கின்றன, எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்துக்கு அந்தக் குழாய் தாங்கும் என்ற கணக்கை ஒரு பொறியாளர் கையெழுத்தோடு வைத்தபோது மூன்று இடங்களுக்குப் பெரிய அளவு கிடைத்தது. அந்தக் கணக்குக்கு 38,000 ரேண்ட் கொடுத்தோம். எங்கள் நகராட்சி வீணாக்காமல் செலவழித்த பணத்தில் அதுவும் ஒன்று.

பணம் 2023 மார்ச்சில் வந்தது. மழை பெய்து பதினோரு மாதம். எல்லாரும் கை தட்டினார்கள், எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் தேசிய அரசின் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது, நகராட்சிகளின் நிதியாண்டு ஜூலையில் தொடங்கி ஜூன் 30இல் முடிகிறது. அவர்கள் ஆண்டு முடியும்போது அனுப்புகிறார்கள், நம் ஆண்டு முடிய மூன்றே மாதம். செலவாகாத பணத்தை வைத்துக்கொள்ள ரோல்ஓவர் கேட்டுக் கருவூலத்துக்கு எழுத வேண்டும். வேலைக்கு ஆள் நியமித்துவிட்டோம் என்பதற்கு ஜூன் 30க்கு முன் தேதியிட்ட சான்று வேண்டும். இல்லையென்றால் பணம் திரும்பப் போகும். நாமாகக் கட்டாவிட்டால் தேசிய அரசு நகராட்சிகளுக்கு ஆண்டுதோறும் தரும் சமபங்கு நிதியில், அடுத்து வரவேண்டியதில் கழித்துக்கொள்வார்கள்.

அவசரக் கொள்முதல் என்று போகலாமே என்று சிலர் சொன்னார்கள். கொள்முதல் விதிகளில் 36ஆம் விதி அதற்கு இடம் தருகிறது, ஆனால் அது தண்ணீர் கழுத்துக்கு வந்த நாளுக்கு. பதினோரு மாதம் கழித்து அவசரம் என்று எழுதினால் தணிக்கையில் மாட்டுவோம். அந்த வெள்ள நிவாரணச் செலவைத் தலைமைத் தணிக்கையாளர் அலுவலகம் கூடவே நின்று, நடக்க நடக்கவே தணிக்கை செய்துகொண்டிருந்தது என்பதும் எல்லாருக்கும் தெரியும். ஆக, முறையான டெண்டர்தான். அப்போதைய விதிப்படி 2 லட்சம் ரேண்டுக்கு மேல் போனாலே டெண்டர். விவரக்குறிப்புக் குழு, விளம்பரம், மதிப்பீட்டுக் குழு, டெண்டர் யாருக்கு என்று முடிவு செய்யும் தீர்ப்புக் குழு, ஆட்சேபிக்கப் பதினான்கு நாள். விரலை மடக்கி எண்ணிப் பாருங்கள், மூன்று மாதம் போதாது. பணத்துக்காகக் காத்திருந்த பதினோரு மாதத்தில் வரைபடத்தையும் டெண்டர் ஆவணங்களையும் தயார் செய்து, நிதி வந்தால்தான் வேலை என்ற நிபந்தனையோடு விளம்பரமும் கொடுத்திருக்கலாம். எனக்கு அது தோன்றவில்லை, சொல்ல ஆளும் இல்லை. நான் அந்த மாதங்களில் வாரம் ஒருமுறை மின்னஞ்சல் அனுப்பி "ஏதாவது செய்தி உண்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

இருபத்திரண்டு வேலைகளுக்கு எப்படியோ ஜூன் 30க்குள் நியமனக் கடிதம் போய்விட்டது. இருபத்து மூன்றாவது வேலையின் கோப்பு ஜூன் 27இல் தீர்ப்புக் குழு முன் வந்தது. அன்று உறுப்பினர்கள் போதுமான எண்ணிக்கையில் வரவில்லை, கூட்டம் தள்ளிப் போனது. கடிதத்தில் விழுந்த தேதி ஜூலை 4. ரோல்ஓவர் மனுவை ஆகஸ்ட் கடைசித் தேதிக்குள் எழுதினேன், நான்கு பக்கம் காரணம் எழுதினேன். ஒத்துக்கொள்ளவில்லை. 21 லட்சம் ரேண்ட் திரும்பிப் போனது. அது தாத்தாவின் சுவர்.

அவரிடம் நேரில் போய்ச் சொன்னேன். கடிதம் அனுப்பினால் போதும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள், என்னால் முடியவில்லை. அன்று கோவிலிலிருந்து ஒரு தூக்கில் கூழ் எடுத்து வந்திருந்தார், எனக்கும் ஒரு கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார். நான் ஜூன் 27, ஜூலை 4 என்று தேதிகளை விளக்கிக்கொண்டே இருந்தேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த போட்டோவைத் திருப்பிக் குடுத்துருவாங்களா?" என்று மட்டும் கேட்டார். அசல் என்னிடமே பத்திரமாக இருந்தது. அடுத்த நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். அசலை ஒருபோதும் கோப்போடு அனுப்பாதீர்கள், நகலெடுத்துச் சான்றொப்பம் வாங்கி அனுப்புங்கள்.

என் சொந்த இழப்பையும் எழுதிவிடுகிறேன். பெட்ரோல், கைப்பேசி டேட்டா, புகைப்படங்களை அச்சிட்டது எல்லாம் சேர்த்து 9,400 ரேண்ட். பயணத்துக்கு முன்பே கையெழுத்து வாங்காததால் திரும்பக் கிடைக்கவில்லை. கையெழுத்துப் போட வேண்டிய மேலாளர் பதவிதான் காலியாக இருந்தது என்று சொல்லிப் பார்த்தேன். முதல் நாளே நகராட்சி மேலாளரிடம் ஒரே ஒரு வரி எழுதி வாங்கியிருந்தால் முடிந்திருக்கும். அதைவிடப் பெரிய தவறு, எல்லாக் கோப்பையும் என் ஒருத்தியின் கணினியில் வைத்திருந்தது. காய்ச்சலில் படுத்த அந்த வாரம் யாராலும் ஒரு கேள்விக்கும் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது இருவர் பார்க்கும்படி பொதுவான இடத்தில் வைத்திருக்கிறோம், பின்கட்டு வடிகாலுக்குப் பொறுப்பான மேஸ்திரிக்கும் அதைத் திறக்கத் தெரியும்.

பெரிய கல்வெர்ட்டுகள் மூன்றும் 2024 பிப்ரவரியில் முடிந்தன. ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை காலை நான் ஒரு சுற்று போகிறேன். நாற்பத்தொரு இடங்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று படங்கள், கழித்தல் குறியோடு. பதிவேட்டில் இல்லாதிருந்த ஏழில் ஐந்து இப்போது ஏறிவிட்டன, இரண்டுக்கு நில உரிமை தெளியவில்லை. தாத்தாவின் வீட்டுக்குப் பின்னால் சரிவின் மேல் நீல நிறத் தார்ப்பாய் போர்த்தியிருக்கிறது. வெயிலில் நைந்துபோய் இரண்டு முறை மாற்றிவிட்டோம். அந்தச் சுவரை எங்கள் சொந்த மூலதன நிதியில் இரண்டு கட்டமாகக் கட்ட வரைவு வைத்திருக்கிறேன், முதல் கட்டம் பதினைந்து மீட்டர், அவர் வீட்டுப் பக்கத்திலிருந்து. சனிக்கிழமைகளில் அவரே கைத்தடியோடு சரிவின் ஓரத்தில் வந்து நின்றுகொள்கிறார். நாடாவை விரிக்க இரண்டாவது ஆள் இல்லாத நாட்களில் அந்தத் தடிதான் படத்தில் அளவு. 92 சென்டிமீட்டர், அளந்து குறித்து வைத்திருக்கிறேன்.